சாவி யார் கையில்? நோயாளியின் ரகசியம், ஒப்புதல், பாதுகாப்பு: ஓர் எளிய விளக்கம்

ஜூலை மழையில் நீலகிரியின் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்க வழியில்லாததால் முப்பது நாற்பது பேரும் தாழ்வாரத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். லேப் கதவு திறக்கிறது. “நேத்து சளி டெஸ்ட் கொடுத்துட்டுப் போன எஸ்டேட் அம்மா யாரு? இன்னொரு சாம்பிள் வேணும், வாங்கம்மா!” எழுந்து போகும் பெண்ணின் மேல்தான் எல்லார் கண்ணும். சாயங்காலம் அவர், எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குத் திரும்புவதற்குள் ‘அவளுக்கு டிபியாம்’ என்ற பேச்சு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். ரிசல்ட் இன்னும் வரவே இல்லை.

இங்கே எந்தக் கம்ப்யூட்டரையும் யாரும் உடைக்கவில்லை. லேப் ஊழியருக்குக் கெட்ட எண்ணமும் கிடையாது. மழைச் சத்தத்தில் காதில் விழட்டும் என்று உரக்கக் கூப்பிட்டார். ஆனாலும் ஒருவருடைய மருத்துவ ரகசியம் உடைந்துவிட்டது. டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் வந்தபின் தணிந்த குரலில் விஷயத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

ரகசியம், ஒப்புதல், பாதுகாப்பு மூன்றையும் நாம் பெரும்பாலும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ‘கையெழுத்து வாங்கியாச்சே, அப்புறம் என்ன?’ என்பார் ஒருவர். ‘பாஸ்வேர்டு போட்டாச்சு’ என்பார் இன்னொருவர். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே ஓட்டை என்று தெரியும்.

பக்கத்து வீட்டில் கொடுத்த சாவி

இரண்டு நாள் ஊருக்குப் போகிறீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, “மாட்டுக்குத் தண்ணி மட்டும் காட்டிடுங்க” என்கிறீர்கள். தண்ணீர் காட்டுவதற்காக உள்ளே வர நீங்கள் தந்த அனுமதிதான் ஒப்புதல். அவர் பீரோவைத் திறந்தால், சாவியை நீங்களே கொடுத்திருந்தாலும், அது ஒப்புதலை மீறிய செயல். உள்ளே பார்த்ததைக் கடைவீதியில் சொல்லாமல் இருப்பது ரகசியம் காத்தல். சாவியை வாசல் ஆணியில் மாட்டாமல் பத்திரமாக வைத்திருப்பது பாதுகாப்பு.

ஒன்று சரியாக இருந்தால் மற்ற இரண்டும் தானாகச் சரியாகிவிடாது. நல்ல பூட்டுப் போட்ட மருத்துவமனை கேட்காமலேயே உங்கள் விவரத்தை வேறு யாருக்காவது கொடுக்கலாம். முறையாக ஒப்புதல் வாங்கிய மருத்துவமனை ரெஜிஸ்டரைத் திறந்தபடி மேஜையில் போட்டு வைக்கலாம்.

எந்த மருத்துவத் தகவலைப் பற்றியும் ஒரே கேள்வியில் தொடங்கலாம்: இது எந்த வேலைக்காகச் சொல்லப்பட்டது? டாக்டரிடம் சொன்னது வைத்தியத்துக்காக. அந்த வேலையில் கைகொடுக்கும் நர்ஸ், லேப், மருந்தகம் ஆகியோருக்கு அவரவருக்குத் தேவையான அளவு போகலாம். அதற்கு வெளியே போவதென்றால் உங்களைக் கேட்க வேண்டும், அல்லது சட்டம் அனுமதித்திருக்க வேண்டும்.

பெயரை அழித்தால் ஆள் மறைவாரா?

மலையில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

சென்னையில் ‘45 வயதுப் பெண், சர்க்கரை நோய், காலில் ஆறாத புண்’ என்று எழுதினால் யாரென்று கண்டுபிடிக்க முடியாது. அதே வரியில் ஒரு மந்தின், அதாவது தோடர் குடியிருப்பின், பெயரைச் சேர்த்துப் பாருங்கள். தோடர்கள் மொத்தமே சுமார் 2000 பேர். ஒரு மந்தில் சில வீடுகள்தான். கோத்தர்களுக்கு மொத்தம் ஏழே ஊர்கள். ஹட்டி எனப்படும் படகர் ஊரிலும் எஸ்டேட் லைனிலும் யார் வீட்டில் யாருக்கு உடம்புக்கு என்ன என்பது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். பெயரே இல்லாவிட்டாலும் ‘ஓ, அவரா!’ என்று ஊர் சொல்லிவிடும்.

பெயர் நீக்கிய தகவலில் மிச்சமிருக்கும் துணுக்குகளைக் கோத்து ஆளைக் கண்டுபிடிப்பதற்கு ‘மறு அடையாளம் காணல்’ என்று பெயர். தேயிலை ஃபாக்டரியில் தூளைத் தரம் பிரிக்கும் சல்லடைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு துணுக்கும் ஒரு சல்லடைதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 பேர் உள்ள ஊர். ‘பெண்’ என்றதும் 300. ‘40 வயதுக்கு மேல் 50க்குள்’ என்றதும் ஏறக்குறைய 40. ‘சர்க்கரை நோய்’ என்றதும் நான்கைந்து. ‘போன செவ்வாய்க்கிழமை அட்மிட் ஆனவர்’ என்றதும் ஒருவர். எங்கேயும் பெயரைச் சொல்லவில்லை.

ஆகவே புள்ளிவிவரம் எழுதுபவர்கள் செய்ய வேண்டியது, சல்லடையின் கண்ணைப் பெரிதாக்குவது. ஊர்ப் பெயருக்குப் பதில் தாலுகா, 45க்குப் பதில் ‘40 முதல் 50’, தேதிக்குப் பதில் மாதம் என்று போடலாம். அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் வரும் எண்ணிக்கை பத்துக்குக் கீழே போனால் அந்த எண்ணையே போடாமல் ‘10க்கும் குறைவு’ என்று எழுதிவிடுவது நல்ல பழக்கம். ஆனால் மொத்தத்தையும் மற்ற ஊர்களின் எண்களையும் அப்படியே விட்டுவிட்டால் கழித்துப் பார்த்து விடையை எடுத்துவிடுவார்கள். இது அடிக்கடி நடக்கும் தவறு.

மருத்துவ முகாம் படங்களிலும் இதே சிக்கல்தான். ‘காசநோய் பரிசோதனை முகாம்’ என்ற பேனருக்குக் கீழே வரிசையில் நிற்பவர்களின் முகம் தெரிந்தால், படத்தைப் போட்டவருக்கு அது செய்தி, நிற்பவருக்கு அது முத்திரை. பின்னாலிருந்து எடுங்கள், அல்லது மேஜையையும் கருவியையும் மட்டும் எடுங்கள். ஆள் யாரென்று தெரியும்படி நோயாளியின் படத்தை அவர் அனுமதியின்றி டாக்டர்கள் வெளியிடக்கூடாது என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது.

சுருக்கமாக: பெயரை நீக்குவது முதல் படிதான். ஊர் சிறிதாக ஆக, நீக்க வேண்டியவை கூடிக்கொண்டே போகும்.

ரேகை வைத்ததும் ஒப்புதல் ஆகிவிடுமா?

ஆகாது. கையெழுத்தும் கைரேகையும் ஒப்புதல் நடந்ததற்கான சாட்சி மட்டுமே. ஒப்புதல் அதற்கு முன்னால் நடக்கும் பேச்சில் இருக்கிறது. என்ன செய்யப் போகிறோம், அதனால் என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்ற ஐந்தையும் சொல்லி, நோயாளிக்கு அது புரிந்து, வற்புறுத்தல் இல்லாமல் அவர் சரி என்றால்தான் அது ஒப்புதல்.

ஒரு காரியத்துக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்கு ஒட்டாது. உச்ச நீதிமன்றம் 2008இல் இதைத் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்காக மட்டும் ஒப்புதல் தந்து மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், வெளியே இருந்த தாயாரிடம் கேட்டுவிட்டு அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளிந்ததும் தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். ‘வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க, அவர் கையெழுத்துப் போடட்டும்’ என்று இன்றும் கேட்கிறோம். வீட்டுக்காரர் கூட இருக்கலாம், ஆறுதல் சொல்லலாம். முடிவு அந்தப் பெண்ணுடையது.

மலையில் இதற்கு மேல் மொழியும் குறுக்கே நிற்கிறது. படகர், தோடர், கோத்தர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வீடுகளில் பேசுவது தமிழ் அல்ல. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, ஒப்புதலுக்கான அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி தர வேண்டும் என்கிறது. தமிழ் அதில் உண்டு. இந்த மலை மொழிகளில் ஒன்றுகூட இல்லை. அச்சடித்த படிவம் இங்கே பாதி வழிக்குத்தான் வரும். மீதியை வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

சொல்வதற்கு யாரை அழைப்பது? அவசரத்தில் பக்கத்தில் நிற்கும் அதே ஊர்க்காரரைக் கூப்பிட்டு, “கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கண்ணா” என்றால் மொழி தீர்ந்தது, ரகசியம் போயிற்று. அந்த மொழி தெரிந்த சுகாதாரப் பணியாளர் இருந்தால் அவரைக் கொண்டு சொல்வது மேல். அப்படி ஒருவர் இல்லை என்றால், யார் மொழிபெயர்த்தால் சரி என்று நோயாளியிடமே கேளுங்கள். சொல்லி முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். “வீட்ல போய் அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்” என்று கேளுங்கள். எது விட்டுப்போயிற்று என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ரேகை வாங்கினால், சாட்சி போடுபவர் அந்தப் பேச்சைக் கூடவே இருந்து கேட்டவராக இருக்கட்டும். சாட்சிக் கையெழுத்தை மறுநாள் வாங்கிச் சேர்ப்பது அந்தத் தாளையே செல்லாக்காசாக்கிவிடும்.

காட்டெருமை முட்டி நினைவிழந்த ஒருவரை 108இல் கொண்டு வருகிறார்கள், கூட யாரும் இல்லை. அப்போது ஒப்புதலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சையைப் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆவது பிரிவு காக்கிறது. உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் தகவலைப் பயன்படுத்தத் தரவுச் சட்டமும் இடம் தருகிறது.

ஒரு துளி ரத்தம், ஒரு குடும்பத்தின் செய்தி

நீலகிரிப் பழங்குடிகளிடையே, குறிப்பாகக் கூடலூர், பந்தலூர் பக்கம், அரிவாள் செல் ரத்தசோகை காணப்படுகிறது. பரம்பரையாக வருவது. வட்டத் தட்டு போல இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைப்பதால் கடும் வலி, சோகை எல்லாம் வரும். இதற்கான தேசிய ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1 அன்று தொடங்கியது; பரிசோதித்தவர்களுக்கு அவரவர் நிலையைக் காட்டும் அட்டையும் தரப்படுகிறது.

இந்த மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர் ‘கடத்தி’. அவர் நோயாளி அல்ல. பொதுவாக நலமாகவே இருப்பார். இரண்டு கடத்திகள் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு, கடத்தியாக இருக்க 50 சதவீதம், எதுவுமே இல்லாமல் இருக்க 25 சதவீதம்.

ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால், அதைக் கேட்ட மாத்திரத்தில் அப்பா, அம்மா இருவரைப் பற்றியும் தெரிந்துவிடுகிறது. அவர்கள் பரிசோதனைக்கே வராமல் இருக்கலாம். அக்கா தங்கைகளின் கல்யாணப் பேச்சில் அந்த அட்டை வந்து நிற்கும். அதைக் காட்டுவதா வேண்டாமா என்பது அட்டைக்கு உரியவரின் முடிவு. கல்யாணத்துக்கு முன் இருவரும் தாங்களாகவே பகிர்ந்துகொள்வது நல்லதுதான். அதற்கு ஆலோசனை உண்டு. ஆனால் பணியாளர் ஊர்த்தலைவரிடம் பட்டியலை நீட்டுவதும் ஹாஸ்டல் வார்டன் பலகையில் ஒட்டுவதும் வேறு விஷயம். முத்திரை விழும் என்ற பயம் வந்துவிட்டால் அடுத்த முகாமுக்கு ஆட்கள் வரமாட்டார்கள், வைத்தியம் கிடைக்க வேண்டிய குழந்தை வீட்டிலேயே கிடக்கும்.

இங்கே மூன்று ஒப்புதல்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா? முடிவை யாருக்குச் சொல்லலாம்? மீதி ரத்தத்தை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா? முதலாவதற்குச் சரி என்றவர் மூன்றாவதற்கு வேண்டாம் என்றால் வைத்தியத்தில் எந்தக் குறையும் வைக்கக்கூடாது. ஊர்ப் பெரியவர்கள் முகாமுக்கு அனுமதி தந்தாலும் ஒவ்வொருவரின் ஒப்புதலும் தனியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017ஆம் ஆண்டு ஆராய்ச்சி நெறிமுறையும் இதையே சொல்கிறது.

ஆபா எண்: எது, எது இல்லை

2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில் தரப்படும் 14 இலக்க அடையாள எண்தான் ‘ஆபா’. அது இன்சூரன்ஸ் அட்டை அல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கும் மாற்று அல்ல. வாங்குவது உங்கள் விருப்பம். அது இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக்கூடாது.

‘என் ரிப்போர்ட் எல்லாம் டெல்லியில ஒரே கம்ப்யூட்டர்ல போய்ச் சேர்ந்துடுமாம்’ என்ற பேச்சு பரவலாக உண்டு. ஏற்பாடு அப்படி இல்லை. ரிப்போர்ட் அதை உண்டாக்கிய மருத்துவமனையிலேயே இருக்கும். இன்னொரு மருத்துவமனை அதைக் கேட்டால் உங்கள் செயலிக்கு ஒரு விண்ணப்பம் வரும். யார் கேட்கிறார், எதற்கு, எந்த வகைப் பதிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை நாள் வைத்திருப்பார் என்பதெல்லாம் அதில் இருக்கும். நீங்கள் தேதியைக் குறைக்கலாம், சில வகைகளை நீக்கலாம், மறுக்கலாம், தந்ததைப் பிறகு திரும்பவும் பெறலாம். சரி என்றபின் ரிப்போர்ட் குறியாக்கம் செய்யப்பட்டுப் போகும். குறியாக்கம் என்றால், கேட்டவர் முதலில் ஒரு திறந்த பூட்டை அனுப்பி வைக்கிறார். கொடுப்பவர் ரிப்போர்ட்டைப் பெட்டியில் வைத்து அந்தப் பூட்டை அழுத்திப் பூட்டி அனுப்புகிறார். சாவி கேட்டவரிடம் மட்டும் இருப்பதால் வழியில் யாரும் திறக்க முடியாது.

ஓபி கவுன்டரில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் போவது பெயர், வயது, முகவரி, போன் போன்ற அடிப்படை விவரம்தான். பழைய ரிப்போர்ட்டுகள் அதனால் திறந்துவிடாது.

எஸ்டேட்டிலும் ஹட்டியிலும் நடைமுறையில் தவறுவது போன் எண்ணில். வீட்டில் ஒரே போன் இருக்கும், அதுவும் வேலைக்குப் போன பையனிடம் இருக்கும். அவசரத்துக்குப் பதிவு செய்பவர் தன் எண்ணையோ பக்கத்து வீட்டு எண்ணையோ போட்டுவிட்டால், பிறகு ஓடிபியும் செய்திகளும் அங்கேதான் போகும். பதிவு செய்யும்போதே எந்த எண் போடுகிறார்கள் என்று பாருங்கள். வேறு எண் ஏறியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். யாராவது போனில் அழைத்து ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள். மருத்துவமனையிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் சொல்லாதீர்கள்.

பூட்டின் மூன்று வேலைகள்

பாதுகாப்பு என்றால் மறைத்து வைப்பது என்று மட்டும் நினைக்கிறோம். அதற்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. பதிவு மாறாமல் இருக்க வேண்டும்: ஓ பாசிட்டிவ் என்ற இடத்தில் ஏ பாசிட்டிவ் என்று திருத்தப்பட்டால் உயிரே போகலாம். தேவைப்படும்போது கிடைக்கவும் வேண்டும்: ராத்திரி கோவைக்கு அனுப்பும் நோயாளியின் மருந்து ஒவ்வாமைக் குறிப்பு பீரோவுக்குள் பத்திரமாக, சாவி இல்லாமல் இருந்தால் அதுவும் பாதுகாப்புத் தோல்விதான்.

சின்ன மருத்துவமனையில் முதலில் சரிசெய்ய வேண்டியது, எல்லாரும் ஒரே பெயரில் கம்ப்யூட்டருக்குள் போகும் வழக்கம். பாஸ்வேர்டை மானிட்டரின் ஓரத்தில் சீட்டில் ஒட்டியிருப்பார்கள். யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்று கணினி எழுதி வைக்கும் குறிப்புக்குத் ‘தடப்பதிவு’ என்று பெயர். ஆறு பேர் ஒரே பெயரில் நுழைந்தால் தடப்பதிவு ஊமையாகிவிடும். தவறு நடந்தால் குற்றமற்றவரும் மாட்டுவார். ஆளுக்கொரு நுழைவுப் பெயர் கொடுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்றே நீக்குங்கள்.

அடுத்து வாட்ஸ்அப். எக்ஸ்ரேயைப் பெரிய டாக்டருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது மலையில் உயிர் காக்கும் வழி. அதை நிறுத்தச் சொல்ல மனம் வராது. ஆனால் ஃபிலிமின் மூலையைப் பாருங்கள்: பெயர், வயது, ஓபி எண், தேதி நான்கும் அங்கே இருக்கும். அதை மறைத்து, குழுவில் போடாமல் அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். போன் கேலரியில் தானாகச் சேமிக்கும் வசதியை நிறுத்துங்கள். இல்லையென்றால் அந்தப் படம் வீட்டுப் படங்களோடு கலந்து ஆன்லைனிலும் போய் உட்கார்ந்துவிடும்.

நகல் எடுப்பதில் ‘3-2-1’ என்ற பழைய கணக்கு இன்றும் சரி: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். நிலச்சரிவும் மின்வெட்டும் உள்ள ஊரில் அந்தக் கடைசி ஒன்றைக் கீழே, சமவெளியில் வைப்பது நல்லது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ‘பணயத் தீம்பொருள்’ 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸையே முடக்கி, பல நாட்கள் கையால் எழுத வைத்தது. கணினியோடு எப்போதும் இணைந்தே இருக்கும் நகலும் கூடவே பூட்டிக்கொள்ளும். எடுத்ததும் கழற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

காகிதத்தையும் மறக்கக்கூடாது. பழைய பேப்பர் கடைக்குப் போன லேப் ரிப்போர்ட் பஜ்ஜி மடித்து வந்தால், பெயர் எண்ணெயில் இன்னும் தெளிவாகத் தெரியும். குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்து அழித்துவிடுங்கள்.

ரகசியம் விலகும் இடமும் உங்கள் உரிமையும்

சில இடங்களில் சட்டமே தகவலைக் கேட்கிறது. காசநோய் 2012 முதல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். தனியார் டாக்டரும் சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் கேட்டாலும் சொல்ல வேண்டும். அரசின் காசநோய்ப் பதிவில் ஏற்றுவதும் எஸ்டேட் ஆபீசில் சொல்வதும் ஒன்றல்ல. மருத்துவ விடுப்புக்குச் சான்றிதழ் போனால், சம்பளக் கணக்கு எழுதுபவருக்குத் தேவை எத்தனை நாள் என்பது. கங்காணிக்குத் தேவை எந்த நாள் வேலைக்கு வருவார் என்பது. நோயின் பெயர் அந்த இருவர் வழியாக லைனுக்குப் போக வேண்டியதில்லை. எச்ஐவி நிலையைப் பொறுத்தவரை 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இன்னும் இறுக்கமானது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தைச் சட்டம் அனுமதித்தவர் தவிர வேறு யாரிடமாவது டாக்டர் வெளியிட்டால், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி ஓராண்டு வரை சிறை.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு செய்யாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

உங்கள் பதிவை நீங்களே கேட்டு வாங்க அதுவரை காத்திருக்க வேண்டாம். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் பதிவை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் தந்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் பெயர், உள்நோயாளி எண், அட்மிட் ஆன தேதி, டிஸ்சார்ஜ் தேதி, எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்று எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 72 மணி நேரத்தை எண்ண அதுதான் ஆதாரம். கூடலூரிலிருந்து சிலர் கோழிக்கோட்டுக்கும் சிலர் மைசூருக்கும் வைத்தியத்துக்குப் போகிறார்கள். அவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியோடு மருந்துச் சீட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பையின் அடியில் வைத்துக்கொள்வது நல்லது. மலைப் பேருந்தில் ஜன்னலோரச் சீட்டு எப்படியும் நனையும்.